கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர் ஓட்டப் போகிறீர்களா? முதலில் தராசைப் பாருங்கள்

சமவெளியில் ஆயிரம் மணி நேரம் ஓட்டியிருந்தாலும் மலைக்கு நீங்கள் புதுசுதான். அதனால் ஆரம்பத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பழகிய பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் கிளம்பாதீர்கள். அவர் சொல்லித் தரப்போவதில் பாதி, எங்கே திரும்பி வருவது என்பதாகத்தான் இருக்கும்.

கேதார்நாத் 3,583 மீட்டர், அதாவது சுமார் 11,750 அடி. அந்த உயரத்தில் கணக்குப்படி மைனஸ் 8 டிகிரி இருக்க வேண்டும். மே மாதத்து மதியம் 12 டிகிரி இருக்கிறது என்று வையுங்கள், 20 டிகிரி கூடுதல். சூட்டில் காற்று லேசாகிவிடும், டிகிரிக்கு 120 அடி வீதம் 2,400 அடி கூடுதல் உயரத்தில் இருப்பது போல. அல்டிமீட்டர் 11,750 என்று காட்டும், தலைக்கு மேல் சுழலும் ரோட்டருக்கோ அது 14,000 அடிக்காரக் காற்று. விடிகாலைப் பயணங்களுக்கு அவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

ஹெலிகாப்டர் கையேட்டில் ஹோவருக்கு, அதாவது அசையாமல் அந்தரத்தில் நிற்பதற்கு, அட்டவணை இரண்டு இருக்கும். தரையின் தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் நிற்பதற்கானதைப் பாருங்கள், மற்றதை நம்பி சரிவோரத்து ஹெலிபேடுக்குப் போகாதீர்கள். எடை இடிக்கிறதா, ஒரு ஆளை இறக்குங்கள். பயணி வாயால் சொல்லும் எடை எடையே இல்லை. ஸ்வெட்டர், பை, பூஜைச் சாமான் எல்லாவற்றோடும் தராசில் ஏறட்டும்.

கீழே இருக்கும் பாட்டா ஹெலிபேடிலிருந்து ஏறும்போது பள்ளத்தாக்கின் நடுவில் பறக்கத் தோன்றும், பத்திரமாகத் தெரிவதால். ஆனால் நடுவில் இருந்தால் திரும்புவதற்குப் பாதி அகலம்தான் மிச்சம். வகுத்த பாதையையும் எதிரே வருபவரையும் கவனித்துக்கொண்டு ஒரு பக்கமாக ஒட்டிப் போங்கள், முடிந்தால் காற்று மலையில் மோதி மேலே ஏறும் பக்கமாக. முகட்டைத் தாண்ட வேண்டியிருந்தால் 45 டிகிரி சாய்வாகப் போங்கள், காற்று கீழே அமுக்கினால் சின்னத் திருப்பத்திலேயே விலகிவிடலாம்.

மேகம்தான் இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய வில்லன், பத்து நிமிடத்தில் மூடிவிடும். வழியில் வரும் இடங்களை கௌரிகுண்ட், ராம்பாரா, லிஞ்சோலி என்று மனதில் குறித்துக்கொண்டு, அடுத்தது தெரியாவிட்டால் இங்கேயே திரும்புவேன் என்று தரையிலேயே முடிவு செய்யுங்கள். 2022 அக்டோபர் 18 அன்று மோசமான பார்வைத்திறனில் கேதார்நாத் பக்கத்துக் கருட் சட்டி அருகே ஒரு ஹெலிகாப்டர் மலையில் மோதி ஏழு பேர் இறந்தார்கள்.

இறங்கும்போது தரை ஓடும் வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மீட்டரில் 60 நாட் என்றால் அந்தக் காற்றில் உண்மையில் 74 நாட். வேகமாகப் போகிறோமே என்று சைக்ளிக்கை, அதாவது ஹெலிகாப்டரை முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் கம்பியை, பின்னால் இழுத்தால் மெதுவாகிவிடுவீர்கள், அப்போது நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் இறங்கினால் ரோட்டர் தன் சொந்தச் சுழலுக்குள்ளேயே விழும். மேலே தூக்கும் கம்பியான கலெக்டிவை மட்டும் இழுப்பது அதை இன்னும் மோசமாக்கும். உயரம் இருந்தால் சைக்ளிக்கை முன்னால் தள்ளி வெளியேறலாம். ஸ்விஸ் பைலட் கிளோட் வுஷார் சொல்லித்தந்த முறை இன்னும் குறைந்த உயரத்தில் மீட்கும்: பவரை ஏற்றி, இடது பெடல், சைக்ளிக் வலது பக்கம். இது பெல் 407 ரக ஹெலிகாப்டருக்கு. எச்125 ரகத்தில் ரோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும், அதனால் வலது பெடல், சைக்ளிக் இடது. இரண்டு ரகமும் ஓட்டுபவர்கள் சீட்டில் உட்கார்ந்ததும் இதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்லது, அந்த நொடியில் யோசிக்க நேரம் இருக்காது.

கடைசிக் கட்டத்துக்கு முன்னால் ஹெலிபேடின் உயரத்திலேயே ஒரு முறை நேராகப் பறந்து டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை, எல்லையைத் தொட எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள், போதாவிட்டால் இறங்காதீர்கள். திரும்பக் கிளம்பும்போதும் மூன்றடி ஹோவரில் நிறுத்தி அதையே பாருங்கள். டார்க் மீட்டரின் ஊசி எல்லைக் கோட்டைத் தொட்டால் மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஒருவரை இறக்குங்கள், அவர் அடுத்த முறை வருவார், திட்டினால் திட்டட்டும்.