டியூப் போட்டவருக்கு வலிக்கிறதா? வீடியோ பார்த்தே சி-பாட் பழகலாம்

ஐசியூவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வலி மேலாண்மை பற்றிய ஆன்லைன் வகுப்பு என்றதும் எல்லோரும் நேராக மருந்துப் பாடத்தைத்தான் திறப்பார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். தொண்டையில் டியூப் இருக்கிறவருக்கு வலி இருக்கிறதா என்றே கண்டுபிடிக்கத் தெரியாமல் ஃபென்டனில் என்ற வலிமருந்தின் டோஸை மனப்பாடம் செய்து என்ன பயன்? அதனால் முதலில் சி-பாட். கனடாவின் செவிலியர் ஆய்வாளர் செலின் ஜெலினாஸும் அவர் குழுவும் 2006இல் வெளியிட்ட அளவுகோல் இது; வலியை வாயால் சொல்ல முடியாதவரின் முகத்தையும் உடலையும் பார்த்து மதிப்பெண் போடுவது.

படி 1: முதலில் கேளுங்கள்

டியூப் இருந்தாலும் விழித்திருப்பவர் தலையாட்டுவார். 0 முதல் 10 வரை பெரிய எழுத்தில் அச்சடித்த அட்டையைக் காட்டி, "ஐயா, எவ்வளவு வலிக்குது, தொட்டுக் காட்டுங்க" என்றால் போதும். அவர் காட்டுவதுதான் கணக்கு. காட்ட முடியாதவர்களுக்குத்தான் சி-பாட்.

படி 2: நான்கு விஷயம், தலா 0 முதல் 2

முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது. டியூப் எடுத்தவர் என்றால் கடைசிக்குப் பதில் குரல்: முனகினால் 1, அழுதால் அல்லது கத்தினால் 2. அதிகபட்சம் மொத்தம் 8. மூன்றும் அதற்கு மேலும் வந்தால் வலி இருப்பதாக எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும்.

படி 3: சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்

பயிற்சி வீடியோவில் ஆசிரியர் மதிப்பெண் சொல்வதற்கு முன்பே நிறுத்தி, நீங்கள் ஒரு தாளில் எழுதுங்கள், கூட டியூட்டி பார்க்கும் சிஸ்டர் ஒருவர் தனியாக எழுதட்டும், அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சண்டை முகத்தில்தான் வரும். புருவம் சுருங்கி முகம் இறுகியிருந்தால் 1. அதோடு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டால் 2. இந்த ஒரு வித்தியாசம் கண்ணில் பதிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

படி 4: படுக்கை அருகே

ஒரு நிமிடம் தொடாமல் பாருங்கள். கையை மடக்கி நீட்டித் தசை இறுக்கம் பார்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள், தொட்டதுமே முகம் மாறிவிடும். பிறகு சளியை உறிஞ்சி எடுக்கச் சக்‌ஷன் போடும்போதோ புரட்டிப் படுக்க வைக்கும்போதோ இன்னொரு முறை. ஓய்வில் 0 இருந்தவர் புரட்டும்போது 5 காட்டுவது சாதாரணம்.

மதிப்பெண் கூடியதும் டாக்டரைக் கூப்பிடப் போகிற வழியில் காரணத்தையும் தேடுங்கள். என் ஆரம்ப நாட்களில் ஒருவர் இரவெல்லாம் கை காலை உதறிக்கொண்டே இருந்தார், மயக்க மருந்து பற்றவில்லை என்றே நினைத்தேன். விடியற்காலை போர்வையை விலக்கினால் யூரின் டியூப் தொடைக்கடியில் மடங்கிக் கிடக்கிறது, அடிவயிறு கல் மாதிரி. டியூபை நேராக்கியதும் பை மளமளவென்று நிறைந்தது, மனிதர் அமைதியாகிவிட்டார்.

எங்கே செல்லாது?

வெக்குரோனியம், அட்ராகுரியம் போன்ற தசை தளர்த்தி ஓடிக்கொண்டிருந்தால் சி-பாட் செல்லாது. அசையவே முடியாதவருக்கு 0 வரத்தான் செய்யும், வலி அப்படியே இருக்கலாம். நாடித்துடிப்பு, பிபி ஏறுவதை மட்டும் வைத்தும் முடிவு செய்யாதீர்கள், அவை சந்தேகப்பட ஒரு காரணம், அவ்வளவுதான். ஐசியூ நோயாளிகளின் வலி, மயக்க மருந்து, மனக்குழப்பம் போன்றவற்றுக்கான அமெரிக்காவின் 2018 பேடிஸ் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. தசை தளர்த்தி ஓடுகிறவர்களுக்கு வலிமருந்தும் ஓடுகிறதா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

படி 5: மறுபடி பாருங்கள், எழுதுங்கள்

மருந்து கொடுத்ததோடு வேலை முடியவில்லை. ஃபென்டனில் சில நிமிடங்களில் பிடிக்கும், நரம்பு வழி மார்ஃபின் உச்சத்துக்கு வரச் சுமார் 20 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்துச் சார்ட்டில் இப்படி எழுதுங்கள்: "ஓய்வில் 1, புரட்டும்போது 5, மருந்துக்குப் பின் புரட்டும்போது 2." வெறுமனே "வலி இல்லை" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் எதை வைத்து ஒப்பிடுவார்?