லீவுக்குப் பென்சில் வேண்டாம், ஓலை போதும்

அரையாண்டுத் தேர்வு முடிந்தால் போதும், பாம்பனிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் அம்மாக்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "லீவுல தெனமும் எத்தன பக்கம் எழுத வைக்கணும் டீச்சர்?"

நான் டீச்சர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சின்னப் பிள்ளைகள் பட்டன் போடுவது, சோற்றைப் பிசைந்து சாப்பிடுவது, நிமிர்ந்து உட்கார்வது, எழுதுவது, இவைதான் என் வேலை. எழுதத் திணறுகிறான் என்று என்னிடம் கூட்டிவரும் பிள்ளைகளில் பலருக்கு எழுத்து தெரியும். கைதான் தயாராக இல்லை. விரலில் பலம் போதாது, தோள் நிலையாக நிற்காது. அந்தக் கைக்கு இன்னும் பத்துப் பக்கம் கொடுத்தால் வலிதான் மிஞ்சும். அதனால் லீவு முழுக்க நோட்டை மூடி வையுங்கள். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வீட்டில் நடக்கிற வேலையில் பிள்ளைக்கு ஒரு பங்கு கொடுங்கள்.

முதலில் கத்தரிக்கோல். தங்கச்சிமடத்தில் ஒரு பையன், ஒன்றாம் வகுப்பு. கத்தரியைக் கையில் எடுத்தாலே முழங்கை பக்கவாட்டில் தூக்கிக்கொள்ளும், கட்டைவிரல் தரையைப் பார்க்கும். கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்ய மெல்லிய கலர் பேப்பர் கொடுத்திருந்தார்கள். பேப்பர் கத்தரியின் வாய்க்குள் மடங்கி மடங்கிப் போனது. மூன்றாவது தடவை கத்தரியை வீசிவிட்டு அழுதான். திண்ணையில் அவன் அப்பத்தா பனை ஓலையில் கொட்டான் (சின்னக் கூடை) முடைந்துகொண்டிருந்தார். அவரிடம் ஒரு ஓலைக் கீற்றை வாங்கி அவன் கையில் கொடுத்தேன். நறுக்! ஒரே வெட்டு, துண்டு கீழே விழுந்தது. சத்தத்தைக் கேட்டு அவனே நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்புறம் அந்தக் கீற்று தீரும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

பனை ஓலை விறைப்பாக நிற்கும், மடங்காது. வெட்டும்போது கைக்கு ஒரு எதிர்ப்பு கிடைக்கும், கை பலப்படுவது அதனால்தான். குருத்தோலையாக எடுங்கள். ஈர்க்கை நீக்கிவிட்டுப் பெரியவர் கட்டைவிரல் அகலத்துக்குக் கிழித்து வையுங்கள். கீற்றின் அகலம் கத்தரி வாயைவிடக் குறைவாக இருந்தால்தான் ஒரே வெட்டில் துண்டாகும். கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும். முழங்கை விலகினால் ஒரு கைக்குட்டையை மடித்து அக்குளில் வைத்து, "இது விழாம வெட்டு பாப்போம்" என்று சொல்லுங்கள். கையைப் பிடித்து அழுத்தத் தேவையில்லை.

ஸ்டாரை அவனே வெட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நேர்கோட்டில் வெட்ட ஏறக்குறைய நாலு வயதில் வரும், வட்டம் ஐந்தில். ஸ்டாருக்குப் பத்து மூலை இருக்கிறது, உள்பக்க மூலை பெரியவர்களுக்கே சிரமம். அட்டையில் நீங்கள் வெட்டி, பிள்ளையின் கண் உயரத்துக்குச் சுவரில் ஒட்டுங்கள். நறுக்கிய ஓலைத் துண்டுகளை அவன் அதில் ஒட்டட்டும். சுவரில் வேலை செய்யும்போது மணிக்கட்டு பின்னால் வளைந்து நிற்கும். பென்சில் பிடிக்கக் கை நிற்க வேண்டிய நிலையும் அதுதான்.

மார்கழிக் கோலத்துக்கு அரிசி மாவு எடுங்கள், சுண்ணாம்புப் பொடி கண்ணில் பட்டால் ஆபத்து. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மாவை எடுத்து விட வேண்டும். மற்ற இரண்டு விரலும் சும்மா ஆடும், அவற்றுக்குள் ஒரு புளியங்கொட்டையை வைத்து மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கையில் உடனே வித்தியாசம் தெரியும். (வாயில் போடும் தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் புளியங்கொட்டை வேண்டாம், துணியைச் சுருட்டி வையுங்கள்.) முதல் நாள் புள்ளி மட்டும். அடுத்த வாரம் பெரிய வளைவு, இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் முடிகிற மாதிரி. குந்திய இடத்திலிருந்து நகராமல் கை மட்டும் உடம்பைக் குறுக்காகக் கடக்கட்டும். அரிசி மாவை வீணாக்க மனமில்லை என்றால் காய்ந்த கடல் மணலே போதும்.

பொங்கலுக்கு வெயிட் தூக்கும் வேலை கொடுங்கள். ஒரு குடம் வேண்டாம், சின்ன வாளியில் பாதித் தண்ணீர். பானையைத் தேய்ப்பது, மஞ்சள் கொத்தில் ஒட்டிய மண்ணைக் கழுவுவது, கரும்புத் துண்டை இழுத்து வருவது எல்லாம் நல்லது. ஒரு இடத்தில் உட்காராமல் ஓடுகிற பிள்ளைக்கு, கை வேலைக்கு முன்னால் பத்து நிமிடம் இப்படி இழுக்கவும் தள்ளவும் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு உட்காருவது பல பிள்ளைகளுக்கு எளிதாகிறது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பெருநாளுக்கு மருதாணிக் கோன் பிழிவார்கள். அதைவிட நல்ல கைப் பயிற்சி என் பெட்டியில் எதுவும் இல்லை. மைதாவைத் தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து பிளாஸ்டிக் கோனில் அடைத்துக் கொடுங்கள். பிள்ளையின் கையைப் பேப்பரில் வைத்து வரைந்துவிட்டு, அந்தக் கோட்டின் மேலேயே பிழியச் சொல்லுங்கள். ஒரே அளவில் அழுத்திக்கொண்டே நகர்த்த வேண்டும். பென்சிலை அழுத்தி எழுதிப் பேப்பரைக் கிழிக்கிற பிள்ளைக்கு இது ரொம்ப உதவும்.

பிசுபிசுப்பு பட்டால் கையை உதறுகிற பிள்ளைகளும் உண்டு. அது அடம் இல்லை, அந்தத் தொடுதல் அவர்களை உண்மையாகவே தொந்தரவு செய்கிறது. கையைப் பிடித்து மாவில் அமுக்காதீர்கள். முதலில் கரண்டி, அப்புறம் ஒரு விரல் நுனி, பக்கத்தில் துடைக்க ஈரத்துணி. வெடிச் சத்தத்துக்கும் மேளத்துக்கும் அப்படித்தான், முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தூரத்தில் நிறுத்துங்கள்.

எதுவானாலும் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். தோள் தூக்கிக்கொண்டாலோ, கையை உதறினாலோ அன்றைக்குப் போதும். ஆறு வயது தாண்டியும் பட்டன் போட முடியவில்லை, ஒரு கையை மட்டும் ஒதுக்கியே வைக்கிறான், அல்லது முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் லீவு முடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளி திறந்ததும், கல்வித் துறையின் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று இருக்கும் சிறப்பாசிரியரிடமும் சொல்லுங்கள்.