ஸ்டீம் டெக்கில் எமுலேஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள், முக்கியமாக ஒன்று

போன மாதம் சித்தி மகன் புது ஸ்டீம் டெக்கோடு (கையில் வைத்து ஆடும் கேம் கணினி) வீட்டுக்கு வந்தான். முகமே சரியில்லை. "அண்ணா, கேமுக்குள்ளயே போய் சேவ் பண்ணினேன், ஆனா மூணு நாள் முந்தி இருந்த இடத்துல நிக்குது" என்றான். "கேமை மூடினியா?" என்று கேட்டேன். "இல்லண்ணா, பவர் பட்டனைத் தட்டி தூங்கவெச்சிட்டேன், நடுவுல சார்ஜ் இறங்கிடுச்சு." அவன் முடிப்பதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஏனென்றால் இதே தவறில் நான் இழந்தது மூன்று நாள் இல்லை, பதினொரு நாள்.

எமுலேட்டர், அதாவது பழைய கன்சோலைப் போல நடித்து அதன் கேமை ஓட்டும் மென்பொருள், அதில் சேவ் காணாமல் போவதைப் பற்றித்தான் இங்கே நிறைய எழுதப்போகிறேன். கேம் ஃபைலை எந்த ஃபோல்டரில் போடுவது, கன்ட்ரோலரை எப்படி அமைப்பது என்பதெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வாட்டை உச்சத்தில் விட்டுவிடுவது

டெக்கின் சிப் 15 வாட் வரை இழுக்கும். பழைய எல்சிடி மாடலில் பேட்டரி 40 வாட்-அவர்தான். திரை, வைஃபை எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மணி நேரம்கூட தாங்காது. ஆனால் சூப்பர் நின்டெண்டோ, கேம் பாய் அட்வான்ஸ் கேமுக்கெல்லாம் 4, 5 வாட் தாராளம். குவிக் ஆக்சஸ் மெனுவில் டிடிபி லிமிட்டை (சிப் இழுக்கும் வாட்டுக்கான வரம்பு) குறைத்துக்கொண்டே வாருங்கள், சத்தம் உடையத் தொடங்கினால் ஒரு வாட் ஏற்றுங்கள். படம் திணறுவதற்கு முன்னாலேயே காது சொல்லிவிடும். கேம் வாரியாக ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளும் வசதியும் அதே இடத்தில் இருக்கிறது.

ரெசல்யூஷனை ஆறு மடங்கு ஏற்றுவது

திரை 1280×800. பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் பல 640×448-இல் வரைகிறவை. இரண்டு மடங்கு போதும், திரை நிறைந்துவிடும். டிவியில் மாட்டி ஆடும்போது மூன்றுக்குப் போகலாம்.

தூங்கவைத்துவிட்டு "சேவ் ஆகிவிட்டது" என்று நம்புவது

சூப்பர் நின்டெண்டோ காலத்து கார்ட்ரிட்ஜுக்குள் சேவை வைத்திருக்கும் ஒரு சின்ன எஸ்ரேம் சிப்பும், அதை உயிரோடு வைத்திருக்க ஒரு பட்டன் பேட்டரியும் இருக்கும். கேமுக்குள் சேவ் செய்தால் அந்த சிப்பில் அப்போதே எழுதப்படும். பல கேம்களில் அதன் அளவு வெறும் 8 கிலோபைட். நாற்பது மணி நேர ஆட்டம் அதற்குள் அடங்கிவிடும்.

எமுலேட்டரில் அந்த சிப் நிஜமாக இல்லை. அதன் நகல் டெக்கின் ரேமில் இருக்கிறது. நீங்கள் கேமுக்குள் சேவ் செய்யும்போது அந்த நகல்தான் மாறுகிறது. அது .எஸ்ஆர்எம் ஃபைலாக டிஸ்கில் எழுதப்படுவது வேறு வேலை. பல கன்சோல்களின் எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில், நீங்கள் வேறு மாதிரி அமைக்காத வரை, கேமை மூடும்போதுதான் அது நடக்கும். மேசைக் கணினியில் விளையாடுகிறவர் எப்படியும் ஆட்டத்தை மூடிவிட்டுத்தான் எழுவார், அதனால் அவருக்கு இது தெரியாமலே போய்விடும். ஹேண்ட்ஹெல்டில் யார் மூடுகிறார்கள்? பவர் பட்டனை ஒரு தட்டு, பைக்குள் போடு, நாளைக்கு அதே இடத்திலிருந்து தொடர். அந்த வசதிக்காகத்தானே வாங்கினோம். தூங்கும்போதும் டெக் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜைக் குடிக்கும். பேட்டரி முழுக்க இறங்கினால் ரேமில் இருந்த அத்தனையும் போய்விடும்.

நான் ஒரு நீண்ட ரோல் பிளேயிங் கேமை முதல் நாள் பகலில் கொஞ்சம் ஆடி மூடிவிட்டு, அன்று முதல் பதினொரு இரவு மூடாமலே விளையாடினேன். ஒவ்வொரு இரவும் ஊரில் இருக்கும் சத்திரத்துக்குப் போய், ஒழுங்காக சேவ் செய்துவிட்டுத்தான் தூங்கவைத்தேன். பன்னிரண்டாம் நாள் பையிலிருந்து எடுத்தால் திரை வரவில்லை. சார்ஜில் போட்டுத் திறந்தேன், முதல் நாள் பகலில் செய்த சேவ் வந்து நின்றது. நம்பாமல், டெக் சாதாரணக் கணினி போல இயங்கும் டெஸ்க்டாப் மோடுக்குப் போய் ஃபைலைத் தேடினேன். 8 கிலோபைட், பெயர் சரி, இடம் சரி, தேதி மட்டும் பதினொரு நாள் பழையது. அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தீர்வு ஒரு நிமிட வேலை. ரெட்ரோஆர்ச் செட்டிங்ஸில் சேவிங் பகுதிக்குப் போய் 'சேவ்ரேம் ஆட்டோசேவ் இன்டர்வல்' என்பதைப் பத்து விநாடிக்கு வையுங்கள். வைத்துவிட்டு நம்பிவிடாதீர்கள்: ஆடி முடித்து சேவ் செய்ததும் அப்போதே மெனுவில் கேமை மூடிப் பழகுங்கள்; ஃபைலின் தேதி இன்றைய தேதிதானா என்று வாரம் ஒரு முறையாவது பாருங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சேவ் ஸ்டேட். எங்கே வேண்டுமானாலும் உறையவைத்துத் திரும்பி வரலாம் என்பதால் புதியவர்கள் அதை மட்டுமே நம்புகிறார்கள். ஸ்டேட் என்பது அந்த நொடியின் முழு ரேம், எஸ்ரேம் நகலும் அதற்குள் இருக்கிறது. போன வாரத்து ஸ்டேட்டைத் தெரியாமல் லோட் செய்தால் போன வாரத்து எஸ்ரேமும் சேர்ந்தே திரும்பி வரும், அப்புறம் கேமை மூடும்போது நேற்றைய நல்ல சேவின் மேல் அதுவே எழுதப்படும். இதைத் தடுக்க அதே சேவிங் பகுதியில் ஒரு ஆப்ஷன் உண்டு, ஆனால் சில கேம்கள் அதனால் குழம்பக்கூடும். நான் செய்வது லோட் ஸ்டேட்டுக்கான பட்டன் சேர்க்கையை கை தவறிப் படாத இடத்துக்கு மாற்றிவிடுவது. போதாததற்கு, டால்ஃபின் (கேம்கியூப், வீ எமுலேட்டர்), பிசிஎஸ்எக்ஸ்2 (பிஎஸ்2 எமுலேட்டர்) போன்றவற்றில் எமுலேட்டரை அப்டேட் செய்தால் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். கேமுக்குள் செய்த சேவ் எந்த வெர்ஷனிலும் திறக்கும். ஸ்டேட்டை ஒரு கடினமான பாஸ் சண்டைக்கு முன்னால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கருவிகளுக்கு இடையே சேவ் ஃபோல்டரை சின்க் செய்கிறவர்களுக்கு ஒரே விதி: ஒன்றில் கேமை முழுக்க மூடாமல் இன்னொன்றில் திறக்காதீர்கள்.

பயாஸ் இல்லாமல் பிஎஸ்2

பயாஸ் என்பது கன்சோலுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்; அது இல்லாமல் பிசிஎஸ்எக்ஸ்2-வில் ஓடாது. அதை உங்கள் கன்சோலிலிருந்தே எடுங்கள்.

ஒரே மூச்சில் பத்து செட்டிங்கை மாற்றுவது

முதல் தடவை ஒரு புது இடத்துக்குள் நுழையும்போது படம் ஒரு கணம் திணறுவது பெரும்பாலும் ஷேடர் (படத்தை வரையும் சிறு நிரல்) தயாராவதால்தான். இரண்டாம் முறை அதே இடத்தில் திணறாது. அது தெரியாமல் பேக்கெண்ட் (படம் வரையும் முறை), ரெசல்யூஷன், ஸ்பீட் ஹேக் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் நிற்பார்கள். ஒன்றை மாற்றுங்கள், பத்து நிமிடம் ஆடுங்கள். டால்ஃபினில் ஹைப்ரிட் உபர்ஷேடர் என்று ஒன்று இந்தத் திணறலுக்காகவே இருக்கிறது.

புது மெமரி கார்டைச் சோதிக்காமல் நிரப்புவது

போலி கார்டு ஏராளம். முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்த்த பிறகு கேமை ஏற்றுங்கள்.

50 ஹெர்ட்ஸ் டிஸ்கை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டுவது

நம் ஊர் பழைய டிவிகள் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இருந்ததால் பலரிடம் இருக்கும் பழைய பிஎஸ்2 டிஸ்குகளும் அதே வகைதான், நொடிக்கு 50 முறை ஓடுபவை. அதை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால் ஐந்தில் ஒரு ஃப்ரேம் இரண்டு முறை வரும், கேமரா பக்கவாட்டில் நகரும்போது வெட்டி வெட்டி இழுக்கும். சித்தி மகன் இதை எமுலேட்டர் கோளாறு என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறான். சில கேம்கள் தொடக்கத்திலேயே 60 ஹெர்ட்ஸ் வேண்டுமா என்று கேட்கும், அதற்குச் சரி என்று சொல்லுங்கள். கேட்காத கேமுக்கு டெக்கின் ரெஃப்ரெஷ் ரேட்டையே 50-க்கு இறக்கிவிடலாம்.