இஞ்சி சேர்த்த மஞ்சள் பால் திரியாமலிருக்க

சளி பிடித்த நாள்களில் மஞ்சளும் மிளகும் பனங்கற்கண்டும் சேர்த்துப் பால் காய்ச்சுவது எங்கள் வீட்டு வழக்கம். தொண்டைக்கு இதமாக இருக்குமென்று அதில் பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டால் மட்டும், பால் எவ்வளவு புதியதாக இருந்தாலும் திரிந்துபோகும்.

இஞ்சியில் பாலின் புரதத்தை உடைத்து உறையச் செய்யும் நொதி ஒன்று உண்டு. அது 60 முதல் 70 டிகிரி வரையிலான வெப்பத்தில் மும்முரமாகச் செயல்பட்டு, கொதிக்கும் சூட்டில் செயலிழந்துவிடுகிறது. (தென் சீனத்தின் குவாங்தொங் பகுதியில் இதே இயல்பைக் கொண்டுதான் இஞ்சிச் சாற்றில் பாலை உறையவைத்து ஓர் இனிப்புச் செய்கிறார்கள், நமக்குத் தொல்லை, அவர்களுக்குப் பலகாரம்.) ஆகவே, தட்டிய இஞ்சியைக் கால் டம்ளர் தண்ணீரில் 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டிய சாற்றைப் பொங்கிவந்த பாலில் சேர்க்கத் தொடங்கிய பிறகு பால் திரிவதில்லை. சுக்குத்தூள் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை என்றாலும், பச்சை இஞ்சியின் மணம் அதில் கிடைக்காது.

மஞ்சளின் நிறப்பொருள் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும் என்பதால், கால் தேக்கரண்டி மஞ்சள்தூளையும் ஒன்றிரண்டாகப் பொடித்த 4 மிளகையும் சிறிது நெய்யில் இளந்தீயில் புரட்டிய பின்பே பாலை ஊற்றுகிறேன். அடியில் தூள் படிவது முற்றிலும் நிற்கவில்லை. பச்சை வாடை போய்விட்டது. பனங்கற்கண்டுக்குப் பதில் கருப்பட்டி போடுவதானால், பாலை இறக்கிச் சற்று ஆறவிட்ட பிறகே கலக்க வேண்டும்.