விண்டோஸ் போட்டு முடிச்சதும் புது கம்ப்யூட்டர் படுத்துக்குதா? திரும்ப இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இதப் பாருங்க

தங்கச்சிமடத்துல இருக்குற எங்க சித்தி பையன் ராத்திரி 11 மணிக்கு போன் பண்றான், "அண்ணே, மூணாவது தடவையா விண்டோஸ் போட்டுட்டேன், இன்னும் அணைஞ்சு அணைஞ்சு போவுதுண்ணே"ன்னு. அழுதுருவான் போல இருந்துச்சு. மீன்பிடி தடைக்காலம் 61 நாளும் படகு கரையில கிடக்கும்போது வீட்ல காசு எப்படி இருக்கும்னு நம்ம பக்கத்து ஆளுகளுக்குச் சொல்ல வேணாம், அதுக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து பார்ட் பார்ட்டா வாங்கி அவனே மாட்டுன மெஷின் அது. அவனுக்கு போன்ல சொன்னதத்தான் இங்க எழுதுறேன், இதே நிலைமைல நிறைய பேரு இருப்பீங்க.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. விண்டோஸ் இன்ஸ்டால் ஆகுறப்ப கிராபிக்ஸ் கார்டு பாதி தூக்கத்துல தான் இருக்கும், சாதாரண டிஸ்ப்ளே டிரைவர வச்சு ஒப்பேத்திக்கும், கரண்டும் பெருசா இழுக்காது. டெஸ்க்டாப் வந்து நெட் கனெக்ட் ஆனதும் அப்டேட் தானா ஓடி உண்மையான டிரைவர் இறங்கும், அப்பத்தான் கார்டு, ரேம், பவர் சப்ளை எல்லாமே மொதத் தடவையா முழுசா வேலை செய்யும். ஏற்கனவே இருந்த கோளாறு அந்த நேரத்துல வெளிய வருது, நாம விண்டோஸ்தான் சரியில்லன்னு திரும்பத் திரும்பப் போடுறோம். ஒரே ஒரு கேஸ்ல தவிர அது தீர்வே இல்ல, அந்தக் கேஸ கீழ சொல்றேன்.

முதல் வேலை, ஒரு பேப்பர எடுத்து எப்படி நிக்குதுன்னு எழுதுங்க. டெஸ்க்டாப்பே வரலையா, நீல ஸ்கிரீன் வருதா, ஃபேன் ஓடிக்கிட்டே ஸ்கிரீன் மட்டும் கறுப்பாகுதா, இல்ல கரண்டு போன மாதிரி பட்டுன்னு அணையுதா? இந்த நாலும் நாலு வேற வேற வியாதி.

டெஸ்க்டாப்பே வரல, பூட் டிவைஸ் இல்லன்னு சொல்லுது

பென்டிரைவ உருவிட்டு ஆன் பண்ணுங்க. பயாஸ்க்குள்ள போயி (மெஷினோட அடிப்படை செட்டிங் ஸ்கிரீன், ஆன் பண்ணதும் டெலீட் பட்டனைத் தட்டிக்கிட்டே இருங்க) பூட் லிஸ்ட்ல விண்டோஸ் பூட் மேனேஜர மேல ஏத்துங்க. இன்ஸ்டால் ஸ்கிரீனே மறுபடி மறுபடி வந்தாலும் இதே கதைதான், பென்டிரைவ் மொத இடத்துல நிக்குது.

நான் மேல சொன்ன ஒரே கேஸ் இதுதான்: புது எஸ்எஸ்டியோட பழைய ஹார்டு டிஸ்கையும் மாட்டி வச்சுக்கிட்டு விண்டோஸ் போட்டிருப்பீங்க, விண்டோஸ் எஸ்எஸ்டியில உக்காந்தாலும் பூட் ஃபைல பழைய டிஸ்க்ல கொண்டுபோயி வச்சிருக்கும், பிறகு அந்த டிஸ்கக் கழட்டுனா எதுவும் எந்திரிக்காது. பழைய டிஸ்கோட கேபிளப் புடுங்கிட்டு எஸ்எஸ்டி மட்டும் இருக்க மறுபடி போடுங்க. பூட் மெனுல பென்டிரைவ் ரெண்டு தடவ தெரிஞ்சா, முன்னாடி யூஇஎஃப்ஐ-ன்னு இருக்குறதத் தேர்ந்தெடுங்க.

நீல ஸ்கிரீன்

கீழ வர்ற ஸ்டாப் கோட போன்ல போட்டோ எடுத்துக்கங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரு வந்தா என் முதல் சந்தேகம் ரேம் மேலதான். பயாஸ்ல எக்ஸ்எம்பி, இல்ல எக்ஸ்போன்னு ஒண்ணு இருக்கும், ரேம அதிக வேகத்துல ஓட்டுற செட்டிங், அத ஆஃப் பண்ணிப் பாருங்க. அப்பயும் வந்தா மெஷின அணைச்சு பிளக்கப் புடுங்கிட்டு ரேம் ஒண்ணக் கழட்டிட்டு இன்னொண்ண மட்டும் போடுங்க, ப்ராசசர்லருந்து எண்ணுனா ரெண்டாவது ஸ்லாட்டுல, பெரும்பாலான மதர்போர்டுல அதான் சரியான இடம். ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேம் கடைக்குத் திரும்பப் போகணும், சமாதானம் ஆகாதீங்க. டிடிஆர்5 ரேமா இருந்தா மாத்தி மாட்டுனதும் சில நிமிஷம் ஸ்கிரீன் இருட்டாவே இருக்கும், பயந்து ஆஃப் பண்ணிராதீங்க, அது ரேமப் பழகிக்கிற நேரம்.

இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்னு வந்தா மட்டும் வேற, இன்ஸ்டாலுக்குப் பிறகு பயாஸ்ல ஸ்டோரேஜ் மோட (டிஸ்கோட போர்டு எப்படிப் பேசணுங்குற செட்டிங்) மாத்துனீங்களான்னு யோசிங்க, பழையபடி வச்சா பெரும்பாலும் எந்திரிச்சுரும்.

ஃபேன் ஓடுது, ஸ்கிரீன் கறுப்பு

மானிட்டர் கேபிள் போர்டுல குத்தியிருக்கா கார்டுல குத்தியிருக்கான்னு பின்னாடி எட்டிப் பாருங்க, கார்டுலதான் இருக்கணும். சரியா இருந்தா விண்டோஸ் லோடாகும்போது மூணு தடவ பவர் பட்டன அமுக்கிப் புடிச்சு அணைங்க, அடுத்த தடவ ரிப்பேர் ஸ்கிரீன் வரும், அதுல ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போயி 4-ஐ அமுக்குனா சேஃப் மோட். அங்க நல்லா ஓடுதுன்னா கார்டு டிரைவர்தான் வம்பு பண்ணுது, அத அன்இன்ஸ்டால் பண்ணிட்டு கார்டு கம்பெனி சைட்டுல இருந்து நேரா இறக்கிப் போடுங்க. லேன், வைஃபை டிரைவர் இல்லாம நெட் வரலன்னா போன யூஎஸ்பில சொருகி டெதரிங் ஆன் பண்ணுங்க, போதும்.

பட்டுன்னு அணையுது

தம்பிக்கு வந்தது இதுதான். விண்டோஸ் நடந்ததப் பதிஞ்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41-ன்னு இருந்ததப் பார்த்து போர்டே போச்சுன்னு நினைச்சுட்டான். அதுக்கு அர்த்தம், முறையா ஷட்டவுன் ஆகாம மெஷின் நின்னுருச்சுங்குறது மட்டும்தான், காரணம் என்னன்னு அது சொல்லாது.

சூட்ட மொதல்ல பாருங்க. பயாஸ்ல சும்மா உக்காந்திருக்கும்போதே ப்ராசசர் சூடு சில நிமிஷத்துல 90 டிகிரியத் தொட்டா, பெரும்பாலும் கூலர் அடியில இருக்குற பிளாஸ்டிக் உறைய உரிக்காம மாட்டியிருப்பீங்க. அவனுக்கு 41 டிகிரி, அதுல குறையில்ல.

பவர் சப்ளை எதுன்னு கேட்டேன். "அது மட்டும் பழைய மெஷின்ல இருந்ததுண்ணே." மறுநாள் நேர்ல போனேன். கடலுக்கு 200 மீட்டர்ல வீடு, கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ஜன்னல் கம்பியே பொரிஞ்சு உதிர்ற இடம், அங்க அந்த எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டிதான்) அஞ்சு வருஷம் உப்புக் காத்த உள்ள இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. கார்டுக்குப் போற எட்டு பின் கனெக்டரக் கழட்டி டார்ச் அடிச்சா, ரெண்டு துளைக்குள்ள பச்சையா பூத்திருக்கு, அத ஒட்டுன பிளாஸ்டிக் லேசா பழுப்பேறி இளகியிருக்கு. கார்டு முழு பவர் கேக்கும்போது அந்த ரெண்டு பின் தாங்கல.

எஸ்எம்பிஎஸ் பெட்டியத் திறக்காதீங்க, பிளக்கப் புடுங்கி வச்சாலும் உள்ள கெப்பாசிட்டர்ல கரண்டு நிக்கும், உயிருக்கு ஆபத்து. தெரிஞ்சவங்ககிட்ட நல்லா ஓடுற ஒண்ண ஒரு நாள் கடன் வாங்கி மாத்திப் பாருங்க, அதான் நம்பிக்கையான சோதனை. அப்படியே கேஸ்ல கை வச்சா சுர்ருன்னு அடிக்குதான்னும் பாருங்க, அடிச்சா எர்த் இல்ல, எலக்ட்ரீசியனக் கூப்பிடுங்க. சுவர் சாக்கெட்டுல மல்டிமீட்டர் 230 வோல்ட்ட ஒட்டிக் காட்டணும், சாயங்காலம் எல்லார் வீட்லயும் லைட்டு போட்டப்புறம் அளந்து பாருங்க, பகல்ல அளந்து பிரயோசனமில்ல.

எதச் செஞ்சாலும் ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, மாத்துனத எழுதி வைங்க. ரேமயும் டிரைவரயும் சேர்த்து மாத்தி சரியாச்சுன்னா, எது கெட்டதுன்னு கடைக்காரர்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க?

தம்பிக்கு ராம்நாட்டுல புது எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டி அரை மணி நேரம் கேம் ஓட விட்டோம், அணையல. விண்டோஸ மறுபடி போடவே இல்ல, மூணாவது தடவ போட்டதே இப்பவும் ஓடுது. எக்ஸ்எம்பிய மட்டும் மறுநாள்தான் ஆன் பண்ணச் சொன்னேன், அதையும் தனியா ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்துட்டு.