வேலை தேடும் அகதிகளும் அவர்களுக்கு உதவுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகலிடம் கோரி வந்தவருக்கு வேலை கிடைக்காததற்குத் திறமைக் குறைவு காரணமாக இருப்பது அரிது. அனுமதிக் கடிதம், சான்றிதழ், பெயரின் எழுத்து, பிறந்த தேதி என்று ஏதாவது ஒரு காகிதம்தான் குறுக்கே நிற்கிறது. அந்தக் காகிதங்களை அவசரத்தில் கையாளும்போது நேரும் சில தவறுகள், வேலையை மட்டுமல்ல, புகலிட வழக்கையே கெடுத்துவிடும்.

பலர் முதலில் தடுமாறுவது, அகதியாக ஏற்கப்பட்டவரையும் முடிவுக்காகக் காத்திருப்பவரையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, சட்டப்படி தங்கியிருக்கும் அகதிகள் சம்பள வேலை செய்யும் உரிமையை 17ஆவது பிரிவில் பேசுகிறது. அந்தப் பிரிவை முழுமையாக ஏற்காமல் இணைந்த நாடுகளும் பல. முடிவு வராதவர்களின் நிலையோ அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. வேலை அனுமதிக்காகக் காத்திருக்கும் காலத்துக்கு 2013இல் 9 மாதம் என்று உச்சவரம்பு வைத்த ஐரோப்பிய ஒன்றியம், 2024இல் அதை 6 மாதமாகக் குறைத்துச் சட்டம் இயற்றியது. பிரிட்டனில் புகலிடம் கோரி 12 மாதம் கடந்த பிறகே வேலை அனுமதி கேட்க முடியும். தாமதம் விண்ணப்பதாரரால் நேர்ந்ததாகவும் இருக்கக் கூடாது. எனவே வேறு நாட்டில் இருக்கும் உறவினர் "எனக்கு மூன்றாம் மாதமே கிடைத்தது" என்று சொல்வதை நம்பி வேலையில் இறங்கிவிடாதீர்கள். கெடு முடிந்த அன்று அனுமதி தானாக வந்து சேரும் என்றும் இருந்துவிடாதீர்கள். பல இடங்களில் அதற்குத் தனியாக விண்ணப்பித்தாக வேண்டும்.

உதவித்தொகை போதாமல், அனுமதியின்றி ரொக்கக் கூலிக்குப் போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதில் சிக்கியவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியாது. இரண்டு வாரக் கூலி ஒழுங்காக வரும், மூன்றாவது வாரம் பாதிதான் வரும், கேட்டால் "புகார் கொடுத்துப் பார், உன்னைத்தான் பிடிப்பார்கள்" என்பார் முதலாளி. சம்பளம் வாங்காமல் வேலை செய்தால் சிக்கல் இல்லை என்று எண்ணுவதும் தவறு. தொண்டு அமைப்புக்கு உதவுவது வேறு, லாபம் ஈட்டும் நிறுவனத்துக்குச் சம்பளமின்றி உழைப்பது வேறு. பிரிட்டன் போன்ற நாடுகளின் விதிகள் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கின்றன.

உதவ வருகிறவர்கள் நல்ல மனத்தோடு சொல்லும் ஆபத்தான யோசனை ஒன்று உண்டு: "சான்றிதழ் இல்லையா? உங்கள் நாட்டுத் தூதரகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்." எந்த அரசுக்கு அஞ்சி ஓடி வந்தாரோ, அந்த அரசின் வாசலுக்கே அவரை அனுப்புகிறார்கள். சொந்த நாட்டின் பாதுகாப்பை ஒருவர் தாமாக மீண்டும் நாடினால் அகதி அந்தஸ்து முடிவுக்கு வரலாம் என்று உடன்படிக்கையின் முதல் பிரிவே சொல்கிறது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது அப்படிப் பார்க்கப்பட வாய்ப்பு அதிகம். பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணங்கள் அதே கணக்கில் வருவதில்லை என்பது ஐ.நா. அகதிகள் முகமையின் விளக்கம். இருந்தாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் இரண்டையும் செய்யக் கூடாது. பழைய முதலாளியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதும் ஒரு மின்னஞ்சல்கூட ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்தைக் கொண்டுவரலாம்.

சான்றிதழ் இல்லை என்பதற்காகப் படித்த படிப்பையே கைவிட வேண்டியதில்லை. ஆவணம் இல்லாத அகதிகளின் தகுதியையும் மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்று உயர்கல்வித் தகுதிகளை நாடுகள் ஏற்பது பற்றிய 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை தன் உறுப்பு நாடுகளுக்குச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான அமைப்பான ஐரோப்பா கவுன்சில் 2017 முதல் நடத்திவரும் அகதிகளுக்கான தகுதிக் கடவுச்சீட்டுத் திட்டத்தில், நிபுணர்கள் நேர்காணல் செய்து, படிப்பையும் அனுபவத்தையும் பதிந்து ஓர் ஆவணம் தருகிறார்கள். மருத்துவராகவோ செவிலியராகவோ பணியாற்றும் உரிமத்தை அது தராது. உரிமத்துக்கான தேர்வுகளைத் தனியாக எழுதத்தான் வேண்டும். ஆனால் "பட்டதாரி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்விக்கு நீட்ட ஒரு தாள் கையில் இருக்கும்.

சுயவிவரத்தை மெருகேற்ற வேலைக் காலத்தை நீட்டி எழுதாதீர்கள். புகலிட நேர்காணலில் 2016 வரை வேலை செய்தேன் என்று சொன்னவரின் சுயவிவரத்தில் 2018 என்று இருந்தால், அந்த இரண்டு ஆண்டுகளே அவருடைய வாக்குமூலத்தின் மீது சந்தேகத்தைக் கிளப்பப் போதும். உண்மையிலேயே தேதி குழம்பியிருந்தால் (வேறு நாட்காட்டியில் வாழ்ந்தவர்களுக்கு இது சாதாரணம்) வழக்கறிஞர் வழியாக எழுத்தில் திருத்திக்கொள்ளுங்கள். பெயரும் அப்படித்தான். அடையாள அட்டையில் முன்பெயரும் தந்தை பெயரும் இடம் மாறியிருந்தால், வேலை கிடைத்த பிறகு அல்ல, விண்ணப்பிக்கும் முன்பே திருத்தக் கேளுங்கள்.

"முதலில் கிடைத்த வேலையில் சேர், பிறகு பார்க்கலாம்" என்ற அறிவுரை பாதிதான் சரி. வேலையில் சேரலாம். ஆனால் உரிமத் தேர்வையும் மொழி வகுப்பையும் அன்றே தொடங்காவிட்டால், இரவுப் பணி முடிந்து வரும் உடம்பு அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவிடாது.

வேலை தருவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அட்டையில் காலாவதித் தேதி அருகில் இருப்பதைக் கண்டதும் ஆளை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த அனுமதி எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது என்று விசாரியுங்கள். நேர்காணலில் "ஏன் நாட்டைவிட்டு வந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். வெல்டிங் தெரியுமா, கணக்கு எழுதத் தெரியுமா என்று கேளுங்கள்; முடிந்தால் ஒரு நாள் சம்பளம் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.