வன்னியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ரயர் எடுக்கும்போது

போன ஐப்பசியில், முதல் மழை விழுந்த இரண்டாம் நாள், ஒரு தம்பி தன் ரொயோட்டா 86 காரைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினார். 2013ஆம் ஆண்டுக் கார், சிவப்பு நிறம், கீறல் ஒன்றும் இல்லை. இறங்கினவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணை, ரயர் தேயவே இல்ல. ஆனா இரவு மாங்குளத்தடியில மாடு படுத்திருந்தது. பிறேக் அடிச்சன், கார் நிக்காம இழுத்துக்கொண்டு போட்டுது" என்றார்.

மாட்டுக்கும் ஒன்றுமில்லை, அவருக்கும் ஒன்றுமில்லை. நான் ஈரத்துணியால் முன் ரயரின் பக்கச்சுவரைத் துடைத்து ரோச் அடித்துப் பார்த்தேன். தரையில் படும் முகத்தில் ஓடும் காடிகளில் ஐந்து மில்லிமீற்றர் ஆழம் இருந்தது. அவர் சொன்னது சரிதான், தேயவில்லை. ஆனால் காடியின் அடியில், கோடையில் வற்றின குளத்து மண் வெடிக்கிற மாதிரி, மெல்லிய வெடிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. பெருவிரல் நகத்தை அழுத்தினால் அடையாளம் விழவில்லை. ரப்பர் எருமைக் கொம்பு மாதிரி இறுகிப்போயிருந்தது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 1615. அதாவது 2015ஆம் ஆண்டின் பதினாறாம் கிழமை, சித்திரைப் புத்தாண்டுக் கிழமை. பத்து வயதைத் தாண்டிய ரயர்.

நான் கிளிநொச்சியில் ரயர்க் கடை வைத்திருக்கிறேன். வருகிறவை பெரும்பாலும் உழவு இயந்திரம், லொறி, முச்சக்கரவண்டி. அவை எல்லாம் ரயரைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் வரும். ஸ்போர்ட்ஸ் கார் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓட்டம், ஒரு கலியாண வீடு, நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம், மற்ற நாளெல்லாம் போர்ட்டிக்கோவில் நிற்கும். எங்கள் வெயிலில் நின்றபடியே அதன் ரயர் கிழடாகும். ஆகவே இந்தக் காருக்கு ரயர் எடுக்க வருகிறவரிடம் நான் முதலில் பேசுவது வயதைப் பற்றி. எந்தக் கொம்பனி என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

வயதைப் பார்ப்பது சுலபம். பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000ஆம் ஆண்டுக்கு முன் செய்தது, தொடவே வேண்டாம். பல ரயர்களில் இந்த முழு வரிசை ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வெளியில் காணவில்லை என்றால் காருக்குக் கீழே படுத்து உட்பக்கம் பாருங்கள். புதிதாக வாங்கும்போது நான்கையும் தனித்தனியே பாருங்கள். எனக்கே ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த நான்கில் மூன்று புதியவை, ஒன்று நான்கு வருடம் பழையது. உறை பிரிக்காமல் மினுங்கிக்கொண்டு இருந்தது. திருப்பி அனுப்பினேன். என் அளவுகோல் இதுதான்: வாங்கும்போது ஒரு வருடத்துக்குள் செய்ததாக இருக்க வேண்டும், நிழலில் வைத்திருந்தது என்று நம்பக்கூடிய கடையென்றால் இரண்டு வருடம் வரை பரவாயில்லை. போட்டபிறகு ஐந்தாம் வருடத்திலிருந்து ஒவ்வொரு மாரிக்கு முன்னும் வெடிப்புப் பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல், காடி எவ்வளவு ஆழம் இருந்தாலும் சரி, கழற்ற வேண்டியதுதான்.

அடுத்தது அளவு. அந்தத் தம்பியின் காரில் இருந்தது 215/45 ஆர் 17. அகலம் 215 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 வீதம், றிம் 17 அங்குலம். கணக்குப் போட்டால் றிம்முக்கும் தரைக்கும் இடையில் கிட்டத்தட்ட 97 மில்லிமீற்றர் ரப்பர்தான் இருக்கிறது. ஏ9 வீதியில் வவுனியா போய் வர அது போதும், காப்பற் வீதிதானே. ஆனால் எங்கள் வீடுகள் எல்லாம் ஏ9 ஓரத்திலா இருக்கின்றன? ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே இறங்கினால் கிரவல், குளக்கட்டு ஓரம் போனால் கிரவல், மாரியில் அந்தக் கிரவலில் தண்ணீர் நிற்கும், கிடங்கின் ஆழம் தெரியாது. மதகு ஏறி இறங்கும் இடத்தில் காப்பற் முடிந்து கொங்கிறீற் தொடங்கும் விளிம்பு ஒன்று போதும், பக்கச்சுவரின் உள்நூல் அறுந்து முட்டை மாதிரிப் புடைத்துவிடும். புடைத்த ரயருக்குத் திருத்தம் கிடையாது.

தம்பி வந்தது 18 அங்குலம் கேட்டு. பார்க்க வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் 225/40 ஆர் 18 போட்டால் பக்கச்சுவர் 90 மில்லிமீற்றருக்கு வந்துவிடும். நான் எதிர்ப்பக்கம் போகச் சொன்னேன். இதே கார் ஜப்பானில் அடிப்படை வகையில் 16 அங்குல றிம்மோடு, 205/55 ஆர் 16 ரயரோடு வந்தது. அதில் பக்கச்சுவர் 113 மில்லிமீற்றர். முழு விட்டம் 632, பழையதில் 625. வித்தியாசம் ஒரு வீதந்தான், ஆகவே வேகமானி பெரிதாகப் பிசகாது. பதினாறு மில்லிமீற்றர் கூடுதல் ரப்பர் கிடங்கில் விழும்போது றிம்மைக் காப்பாற்றும். அதோடு 205/55 ஆர் 16 சாதாரணக் கார்கள் பலவற்றுக்கும் போடும் அளவு. ஒன்று வெடித்தால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ தேடி எடுக்கலாம். 18 அங்குலத்துக்கு இந்தப் பக்கம் யாரிடம் போவது?

றிம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மறுநாள் தம்பி எங்கேயோ பிரியஸ் றிம் நான்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணை, இதுவும் ரொயோட்டா, இதுக்கும் அஞ்சு நட், அளவும் சரி." நட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர், அது உண்மைதான் பொருந்தும். ஆனால் பிரியஸ் றிம்மின் நடு ஓட்டை 54.1 மில்லிமீற்றர், அந்த ஓட்டை ஏறி உட்காரும் 86 காரின் அச்சுக் குமிழ் 56.1. உள்ளே போகவே போகாது. 86 காரைச் செய்தது சுபாரு தொழிற்சாலை, குமிழும் சுபாருவின் அளவு. இம்பிரெசா றிம் தேடச் சொன்னேன், அதற்கு அதே 100, அதே 56.1. கிடைத்தது. இருந்தாலும் பூட்டுவதற்கு முன் ஒரு றிம்மை மட்டும் முன் அச்சில் போட்டு, கையால் சுற்றி, பிறேக் கலிப்பரில் முட்டுகிறதா என்று பார்த்தோம். ஒரு விரல் இடைவெளி இருந்தது. ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்தும் பார்த்தோம். பிரியஸ் றிம்மின் ஓட்டையைக் கடைந்து பெரிதாக்கித் தருகிறோம் என்று சொல்லும் இடங்கள் இருக்கலாம். நான் அதைச் செய்ய மாட்டேன்.

பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண் ரயர் தாங்கும் சுமையையும், எழுத்து அது தாங்கும் வேகத்தையும் குறிக்கும். 87 என்றால் ஒரு ரயர் 545 கிலோ தாங்கும், 91 என்றால் 615. எழுத்தில் எச் மணிக்கு 210 கிலோமீற்றர், வி 240, டபிள்யூ 270. எங்கள் வீதியில் சட்டப்படி 70க்கு மேல் போகேலாது, பிறகு எதற்கு 240 என்று கேட்பார்கள். அதிக வேகத்துக்குச் செய்த ரயர் சூட்டையும் கூடத் தாங்கும், பக்கச்சுவரும் நெளியாது, வளைவில் கார் சொன்ன சொல் கேட்கும். இந்தக் காருக்கு வி எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

இனி எந்த வகை ரப்பர். இங்கேதான் பெடியள் நிறையக் காசை வீணாக்குகிறார்கள். ஓட்டப் பந்தயத்துக்கு என்று செய்த, காடி குறைந்த மென் ரயர்களைப் படத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அவை சூடேறினால் தார் வீதியில் பசை மாதிரிப் பிடிக்கும், உண்மை. ஆனால் கார்த்திகை மழையில் ஆனையிறவு தாண்டும்போது வீதியில் தண்ணீர் படலமாக நிற்கும். அதை வெளியே தள்ளக் காடி வேண்டும். காடி இல்லாவிட்டால் ரயர் தண்ணீருக்கு மேலே ஏறி மிதக்கும், அப்போது ஸ்ரியறிங் கையில் வெறுமையாகச் சுற்றும். போதாததற்கு மென் ரப்பர் கிரவலில் கல்லைப் பொறுக்கும், வெட்டுப்படும்.

86 காரை ரொயோட்டா விற்றபோது 17 அங்குல வகையில் போட்டது மிச்செலின் பிரைமசி எச்.பி. பிரியஸ் மாதிரிக் குடும்பக் கார்களுக்கும் போட்ட அதே ரயர். ரயர் கொஞ்சம் முன்னமே வழுக்கத் தொடங்கினால் ஓட்டுபவருக்குக் கார் பேசும், குறைந்த வேகத்திலேயே ஓட்டம் இனிக்கும் என்பது அவர்கள் யோசனை. அது வரண்ட வீதிக்கு நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் மாரிக்கு நான் ஒரு படி மேலே போகச் சொல்வேன்: ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீரைத் தள்ளப் பெரிய காடி உள்ள, கோடை ஸ்போர்ட்ஸ் ரயர். யோகோஹாமா அட்வான் ஃபிளேவா, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா அட்ரினலின், மிச்செலின் பைலட் ஸ்போர்ட் எல்லாம் இந்தக் கூட்டம். உங்கள் அளவில் அவற்றில் எது புதிய திகதியில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். பெரிய பெயருள்ள மூன்று வருடப் பழைய ரயரைவிட, அடுத்த பெயருள்ள மூன்று மாத ரயர் நல்லது.

பக்கச்சுவரில் தேய்மான எண் ஒன்றும் இருக்கும், 200, 300, 400 என்று. எண் கூடினால் நீடித்து உழைக்கும், குறைந்தால் பிடிக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அதை அந்தந்தக் கொம்பனி தானே சோதித்துப் போடுவது, ஒரு கொம்பனியின் 300ஐ இன்னொன்றின் 300ஓடு ஒப்பிட முடியாது. வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீற்றர் ஓடாத காருக்கு 500 எண் எதற்கு? தேய்வதற்குள் வயது போய்விடும். அதற்குப் பக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். ஈரப் பிடிக்கு ஏ ஏ அல்லது ஏ, சூடு தாங்குவதற்கு ஏ.

ஜப்பானிலிருந்து வந்த காரில் பழைய ரயரைக் கழற்றாமல் ஓடுகிறவர்களுக்கு ஒரு சொல். ரப்பர்க் கட்டை முழுக்க நெளிநெளியாக நூல் மாதிரிக் கீறல்கள் இருந்தால், பக்கச்சுவரில் மலைக்குள் பனிப்பூ அடையாளம் இருந்தால், அது பனிக்கால ரயர். எங்கள் சூட்டில் அது களிமண் மாதிரி நெளியும், பிறேக் தூரம் நீளும். புதிதாகத் தெரிந்தாலும் கழற்றுங்கள்.

நான்கும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் மாற்றுங்கள். காசு இரண்டுக்குத்தான் போதும் என்றால் புதிய இரண்டும் பின்னுக்கு. பின் சில்லு இழுக்கும் காரில் ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் திருப்பிப் பிடிப்பது கஷ்டம். பின் அச்சில் இடது ஒரு தேய்வு, வலது ஒரு தேய்வு என்று விடவே கூடாது, இரண்டு பின் சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிபரென்சலும் சேர்ந்து தேயும். உட்பக்கம் வெளிப்பக்கம் என்று எழுதியுள்ள ரயரை எந்தச் சில்லிலும் போடலாம். சுழலும் திசைக்கு அம்புக்குறி உள்ளதை ஒரு பக்கம்தான் போடலாம். மாற்றுக்கு வைத்திருக்கும் ஸ்பெயார் ரயருக்கும் சேர்த்து யோசித்தால் முதலாவது வசதி.

ஸ்பெயார் என்றதும் சொல்ல வேண்டும்: பல ஸ்போர்ட்ஸ் கார்களில் அது இல்லை, ஒரு போத்தல் பசையும் சின்னக் காற்றுப் பம்பும்தான். ஆணி குத்தினால் அந்தப் பசை உதவும். விடத்தல் முள்ளோ கல்லோ பக்கச்சுவரைக் கிழித்தால் உதவாது. இரவு ஒன்பது மணிக்கு நெடுங்கேணிப் பக்கம் நின்றுகொண்டு யாரைக் கூப்பிடுவீர்கள்? தம்பிக்கு ஐந்தாவதாக ஒரு இம்பிரெசா றிம்மும் ரயரும் எடுத்து டிக்கியில் போட வைத்தேன்.

பூட்டும்போது காற்றடிக்கும் வல்வையும் புதிதாக மாற்றுங்கள், பலன்ஸ் செய்யுங்கள், சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று எலைன்மென்ற் பாருங்கள். காற்றை விடியப்புறம், ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த ரயருக்கானது. மத்தியானம் ஓடிவந்து அளந்தால் நாலைந்து பீ.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும், அதைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை ரயர் தளர்ந்திருக்கும். புது ரயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், முதல் இருநூறு கிலோமீற்றர் அமைதியாக ஓடுங்கள். மாசி, பங்குனியில் வீதியோரம் நெல் காயும் நாட்களில் எந்த ரயரையும் நம்ப வேண்டாம். நெல்மணிக்கு மேல் ஏறினால் சில்லுக்கும் தரைக்கும் தொடர்பே இல்லை.

நட்டுகளை முதல் நூறு கிலோமீற்றருக்குப் பிறகு இன்னொரு தடவை இறுக்க வேண்டும், புது றிம் என்றால் கட்டாயம். தம்பி வவுனியா போய், வரும் வழியில் முறிகண்டியில் தேங்காய் அடித்துவிட்டு, நேரே கடைக்கு வந்தார். முறுக்குத் திறப்பை வைத்து இருபது நட்டையும் பார்த்தேன். பதினெட்டு அசையவில்லை. பின் இடது சில்லில் இரண்டு, கால் சுற்றுப் போனது.